நோயாளியின் தலைமாட்டில் இருப்பதும் கடமையே

எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர், ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் தயங்கியபடி ஒரு மஸ்அலா கேட்டார். “ஹழ்ரத், தாயார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார்கள். லீவு கேட்டால் ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். எனக்கே காய்ச்சல் என்று டாக்டர் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தால் ஆகுமா?”

ராயபுரம் முதல் எண்ணூர் வரை பல வீடுகளில் உள்ள கேள்விதான் இது.

ஹிஜ்ரி 2-ல் பத்ருப் போர். எதிரிகள் சுமார் 1,000 பேர்; முஸ்லிம்களோ 300-க்குச் சற்று அதிகம். அதைவிட ஆள் பற்றாக்குறை வேறு உண்டா? அந்நேரத்திலும், நோயுற்ற தம் மனைவி பீவி ருகையா (ரலி) அவர்களைப் பார்த்துக்கொள்ள ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மதீனாவிலேயே நிறுத்தினார்கள். அத்துடன் விடவில்லை. போரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் கனீமத்தில் பங்கும் அவருக்கு உண்டு என்றார்கள். நோயாளியிடம் இருந்தவர் வேலைக்கு வராதவராகக் கணக்கிடப்படவில்லை!

ஆயினும் பொய்ச் சர்டிபிகேட் ஆகாது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை, சராசரிக் கூலியில் 70 சதவீதம் கிடைப்பது தொழிலாளியின் சொந்த நோய்க்கு. குடும்பத்தாருக்கு வைத்தியம் உண்டு. உடனிருக்கும் மகனுக்குப் பணம் இல்லை. அது தொழிலாளர், முதலாளி இருவரின் சந்தாவும் சேர்ந்த அமானத். அதைப் பொய் சொல்லி எடுத்துத் தாய்க்கு மருந்து வாங்கினால் பரக்கத் இருக்குமா?

நேர் வழி இருக்கிறது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுமுறை வகுத்தது. அதற்கு ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். 2020-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அதை 180 நாளாகக் குறைத்தது. எடுக்காத நாட்களில் 30 வரை அடுத்த ஆண்டுக்குச் சேர்த்து வைக்கலாம். இது தர்மமல்ல, உழைத்துச் சேர்த்த ஹக்கு. காரணத்தை மறைக்காமல் எழுதிக் கேளுங்கள். மறுத்தால் சங்கத்தின் மூலம் கேளுங்கள்.

மண்ணடியில் கடை வைத்திருக்கும் நம் முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழகத்தின் 1947-ம் ஆண்டுக் கடைகள் சட்டம், தக்க காரணத்துக்கு ஆண்டில் 12 நாள் வரை சம்பளத்துடன் தற்செயல் விடுப்பு வகுத்தது. பெற்ற தாயின் நோயைவிடத் தக்க காரணம் எது? சட்டம் சொல்லாத இடத்திலும், வேலைக்கு வைக்கும்போதே இதைப் பேசி முடிவு செய்யுங்கள். முஸ்லிம்கள் தாம் ஒப்புக்கொண்ட நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர்கள்.

வீட்டாரும் கவனிக்க வேண்டும். பெற்றோருக்குப் பணிவிடை செய்வது முதலில் பிள்ளைகள் மீதுள்ள கடமை. அதை மருமகள் தலையில் மட்டும் சுமத்திவிட்டு மகன் ஓவர்டைம் பார்ப்பது முறையல்ல. சகோதரர்கள் இருந்தால் முறை வைத்துக்கொள்ளட்டும்.

அந்தச் சகோதரரிடம் நாம் இதைத்தான் சொன்னோம்: “பொய்யை விடுங்கள், கேட்பதை விடாதீர்கள்.”

பெற்றோரின் துஆவைப் பெறும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.