கரிசலில் கோடு போட்ட தோட்டம்

வெளியூரில் சம்பாதித்து, ஓட்டப்பிடாரம் பக்கம் பத்து ஏக்கர் கரிசல் வாங்கி, நடுவில் பெரிய வீடும் சுற்றிலும் அரண்மனைத் தோட்டம் மாதிரி ஒன்றும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நேரான நடைபாதை, இரு பக்கமும் ஒத்த வரிசையில் மரம், நடுவில் தண்ணீர், கத்தரித்த பசுவேலி. ஆசை நியாயமானதுதான். ஆனால் பெரும்பாலோர் அதைப் புல்தரையிலிருந்து தொடங்குகிறார்கள். அங்கேதான் பணம் ஆவியாகிறது.

ஒரு ஏக்கர் புல்தரைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீராவது வேண்டும். ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். பெருக்கினால் 20,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் தினமும் ஏறக்குறைய இரண்டு நடை. அதே தோட்டத்தில் 100 மீட்டர் நீளப் பாதைக்கு இரு பக்கமும் 8 மீட்டருக்கு ஒன்றாக 26 மரக்கன்று வைத்து, கன்றுக்கு 20 லிட்டர் வீதம் வாரம் இருமுறை ஊற்றினால் வாரத்துக்கே ஆயிரத்துச் சொச்சம் லிட்டர்தான். இரண்டு மூன்று கோடை தாண்டினால் அதுவும் தேவைப்படாது.

வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தைப் படத்தில் பார்த்து மயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். பாரிசில் ஆண்டுக்குப் பெய்யும் மழையும் நம் பகுதி மழையும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 650 மில்லிமீட்டரை ஒட்டி. அங்கே அது பன்னிரண்டு மாதமும் தூறித் தீர்க்கிறது. இங்கே பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. அப்படியிருந்தும் வெர்சாயில் நீரூற்றுகளுக்குத் தண்ணீர் போதவில்லை. செய்ன் ஆற்று நீரை மேலேற்ற 1684இல் மார்லியில் பிரம்மாண்டமான இயந்திரம் வைத்தும் தட்டுப்பாடு தீரவில்லை. பதினான்காம் லூயி நடந்துவரும் வழியில் உள்ள ஊற்றுகளை மட்டும் திறந்து, அவர் கடந்ததும் மூடுவார்கள். வேலையாட்கள் விசிலடித்துச் சேதி சொல்லிக்கொள்வார்கள். ராஜாவுக்கே அந்த நிலை.

நேர்கோடும் சமச்சீரும் நமக்குப் புதிதில்லை. திருமலை நாயக்கர் வெட்டிய மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைப் பாருங்கள்: ஏறக்குறைய சதுரமான நீர்ப்பரப்பு, நான்கு பக்கமும் படி, நட்டநடுவில் மண்டபம். பூவே இல்லாமல் நிற்கும் ஒழுங்கு அது. கரிசலில் தோட்டம் போடுபவருக்கு இந்த முன்மாதிரி போதும். வடிவத்தை நீரிலும் மரத்திலும் மண்மேட்டிலும் போட்டுவிடுங்கள். பூ கடைசியில் வரட்டும். வேலையை மாதக் கணக்கில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மண்ணில் தப்பான மாதத்தில் தொடங்கிய வேலை முடியாது.

சித்திரை: அளவும் சோதனையும்

முதலில் சர்வேயரை வைத்துக் கல் ஊன்றுங்கள். புல வரைபடத்தில் ஓடை புறம்போக்கு எங்கே போகிறது என்று பாருங்கள். பத்து வருஷமாகத் தண்ணீர் வராத ஓடை என்று சொல்லி அதன்மேல் பாதை போட்டால், பதினோராவது வருஷம் தண்ணீர் தன் பாதையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இதே மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சீமைக் கருவேலத்தை இப்போதே தூரோடு எடுத்துவிடுங்கள். மேலே வெட்டி விட்டால் அடுத்த மழைக்கு இரு மடங்காகத் துளிர்க்கும். நாட்டுக் கருவேலம், உடை, வேம்பு, பனை இவற்றில் கை வைக்காதீர்கள். ஜேசிபி ஓட்டுபவருக்கு எல்லாம் முள்ளுதான். விட வேண்டிய மரங்களில் முன்கூட்டியே சுண்ணாம்பு பூசி வைப்பது நல்லது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்திருக்கிறார்கள். அனுமதி கிடைத்தாலும் வெட்ட வேண்டாம். நிலத்தில் ஏற்கெனவே வரிசையாக நிற்கும் பனைகள் இருந்தால், உங்கள் தோட்டத்தின் நடுக்கோடு பாதி போட்டாயிற்று என்று பொருள்.

நிலத்தில் இரண்டு மூன்று இடங்களில் ஆளுயரக் குழி தோண்டிப் பாருங்கள். கரிசல் எவ்வளவு ஆழம், சுக்கான் என்கிற சுண்ணாம்புப் படிவம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் செடிக்கு இரும்புச்சத்து ஏறாது. இட்லிப்பூச் செடி இலை வெளுத்து நிற்கும். போர்வெல் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுங்கள். மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் ரோஜா, மென்மையான புல் எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டியதுதான். மானாவாரிப் பயிரையும் கரிசல் மண்ணையும் பற்றி நேரில் கேட்க, 1901இலிருந்து இயங்கும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்த மாதத்தில் இன்னொரு வேலை. ஓட்டப்பிடாரம் இருக்கும் அட்சரேகையில் சித்திரை பிறப்பை ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஒரு கம்பை ஊன்றினால் நிழலே விழாது. அதன்பின் ஆவணி பாதிவரை உச்சி வெயில் வடக்கிலிருந்துதான் அடிக்கும். வீட்டுக்குத் தெற்கே மட்டும் நிழல் மரம் வைப்பவர்கள், சித்திரை வைகாசி வெயில் வடக்குச் சுவரைச் சுடுவதைப் பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

இப்போது நடுக்கோட்டைத் தீர்மானிக்கலாம். முடிந்தால் பெரிய நடைபாதையைத் தெற்கு வடக்காக ஓட்டுங்கள். காலையில் கிழக்கு வரிசை மரமும் மாலையில் மேற்கு வரிசை மரமும் பாதைக்கு நிழல் தரும். கிழக்கு மேற்காகப் போட்டால் காலையும் மாலையும் வெயில் முகத்துக்கு நேரே வரும். கோட்டைக் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூள் போட்டுக் குறியுங்கள். மூலைக்கு 3, 4, 5 அடி முக்கோணம் போதும். பெரிய சதுரத்துக்கு அதையே 30, 40, 50 அடியாக எடுத்துக்கொள்ளுங்கள், பிழை குறையும். மேடு பள்ளத்தைத் தண்ணீர் டியூப் மட்டம் வைத்து ஒவ்வொரு 10 மீட்டருக்கும் குறித்துக்கொள்ளுங்கள்.

வைகாசி, ஆனி: ஊருணி

எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் போடுவதென்றால் இங்கே போடுங்கள்.

ஒரு ஏக்கரில் 600 மில்லிமீட்டர் மழை என்றால் 24 லட்சம் லிட்டர். கால்பங்கு ஓடி வந்தாலும் 6 லட்சம். 30 மீட்டர் நீளம், 27 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழத்தில், கரைச்சரிவு ஒன்றுக்கு இரண்டாக வெட்டிய குளம் சுமார் 15 லட்சம் லிட்டர் பிடிக்கும். இரண்டரை ஏக்கர் வடிநீர் அதற்குப் போதும். பரப்பில் எடுப்பது 20 சென்ட் இடம்தான்.

அகலமாக, ஆழமில்லாமல் வெட்டிவிடாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும். பங்குனியில் வெறும் சேறு மிஞ்சும். இங்குள்ள வெயிலும் காற்றும் வருஷத்துக்கு ஓர் ஆள் உயரத் தண்ணீரைக் குடித்துவிடும். 3 மீட்டர் ஆழம் இருந்தால்தான் கோடையில் அடியில் கொஞ்சம் நிற்கும். நிற்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கரிசல் தானே தண்ணீரைப் பிடிக்கும், பிளாஸ்டிக் விரிப்பு தேவையில்லை. ஆனால் அடிமண் முழுக்கக் காய்ந்து வெடித்தால், அடுத்த மழையின் முதல் தண்ணீர் அந்த வெடிப்பு வழியே இறங்கிவிடும்.

குளத்தை நடுக்கோட்டின் மேலேயே வையுங்கள், நிலத்தின் தாழ்ந்த பக்கமாக. மேல் விளிம்பைச் செவ்வகமாகக் கட்டினால் தோட்டத்துக்குத் தேவையான ஒழுங்கு வந்துவிடும். உள்ளே சரிவு மண்ணாகவே இருக்கட்டும். வீட்டுப் பக்கம் மட்டும் படி கட்டலாம். மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் மறுகால் எந்தப் பக்கம் என்பதை வெட்டும்போதே முடிவு செய்ய வேண்டும்: கரையின் மேல் வேண்டாம், ஓரத்தில் உள்ள கெட்டித் தரையில் அகலமாக, கல் பாவி, பழைய ஓடையிலேயே போய்ச் சேரும்படி. கரை மறுகாலைவிட முக்கால் மீட்டராவது உயர்ந்து நிற்கட்டும்.

வெட்டிய மண்ணை விற்றுவிடாதீர்கள். நடைபாதையின் இரு பக்கமும் மேடை போட, காற்றுப் பக்கம் கரை போட அத்தனையும் வேண்டும்.

ஆடி: காற்றுக்குச் சுவர்

ஆடியில் மேற்கு எல்லையில் ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றுக்காகத்தான் கயத்தாறில் காற்றாலைகளை நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் காற்றில் புதுக்கன்று ஒடியும், பூ உதிரும், குளத்துத் தண்ணீர் ஆவியாகும். மேற்கு, தென்மேற்கு எல்லையில் மண்கரை போட்டு, அதன்மேல் மூன்று வரிசை: வெளியே உடையும் கொடுக்காப்புளியும், நடுவில் வேம்பு, உள்ளே புங்கு அல்லது பூவரசு. முதல் வருஷம் நட வேண்டியது இந்த ஒன்றைத்தான். புரட்டாசி கடைசியில் மழை வாசனை வந்ததும் நடுங்கள். சவுக்கு வேண்டாம், அது கடற்கரை மணலுக்கு உரியது.

பனை வேண்டும் என்றால் கொட்டையை அது நிற்க வேண்டிய இடத்திலேயே 3 மீட்டர் இடைவெளியில் ஊன்ற வேண்டும். பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. உருவம் வரப் பத்து வருஷத்துக்கு மேலாகும். பேரப்பிள்ளைக்கு என்று நினைத்து ஊன்றிவிடுங்கள், செலவே இல்லை.

ஆவணி, புரட்டாசி: பாதையும் சுவரும்

லாரி வர வேண்டிய வேலையெல்லாம் புரட்டாசிக்குள் முடிந்தாக வேண்டும். நனைந்த கரிசலில் டிராக்டரே புதைந்துவிடும்.

கரிசல் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். அதன்மேல் சிமெண்டுத் தளம் போட்டால் மறு கோடையில் கோணல்மாணலாகப் பிளந்து நிற்கும். ஆகவே பாதைக்கு ஒரு அடி ஆழம் கரிசலை வழித்து எடுத்து, சரள் போட்டு உருட்டி, மேலே கல் பாவுங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிமெண்டு பூசாமல் மணலால் நிரப்புங்கள். மண் அசைந்தால் கல்லும் சேர்ந்து அசைந்து திரும்ப உட்காரும். பாதை நடுவில் சற்று உயர்ந்து, ஓரங்களில் வாய்க்கால் சரிவோடு குளத்துக்குப் போகட்டும். மழைநாளில் பாதைகளே உங்கள் வரத்துக்கால்.

சுற்றுச்சுவர், தூண், சிலைப் பீடம் இவற்றுக்கு மேலோட்டமான அஸ்திவாரம் கூடாது. இந்த மண்ணுக்கென்றே அடியில் குமிழ் விட்ட பைல் அஸ்திவாரம் இருக்கிறது. பொறியாளரிடம் அதைக் கேளுங்கள். என்னைக் கேட்டால் வாசல் பக்கம் மட்டும் சுவர், மற்ற மூன்று பக்கமும் உயிர்வேலி. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையே மண்கோட்டையாகத்தான் இருந்தது.

அலங்காரக் கல் தேடும்போது ஓர் எச்சரிக்கை. தூத்துக்குடிப் பழைய வீடுகளில் பவளப்பாறைக் கல்லைப் பார்த்துவிட்டு, தோட்டத்துக்கும் நாலு கல் வேண்டும் என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். பவளப்பாறை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வைத்திருப்பதே குற்றம்.

ஐப்பசி: குடையோடு நில்லுங்கள்

முதல் பெருமழையில் வீட்டுக்குள் உட்காராதீர்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வாய்க்கால் எதிர்த்து ஓடுகிறது, மறுகால் எப்போது பாய்கிறது என்று பார்த்து, தேங்கும் இடத்திலெல்லாம் ஒரு குச்சி ஊன்றுங்கள். வரைபடத்தைத் திருத்த வேண்டிய இடம் அதுதான். மழை விட்ட பின் அந்தக் குச்சிகளை வைத்து வாய்க்காலை மாற்றுங்கள். வேம்பு தேங்கும் தண்ணீரில் நிற்காது. அங்கே நாவலோ நாட்டுக் கருவேலமோ வையுங்கள்.

அடுத்த மழைக்கு: வரிசை மரமும் முற்றமும்

நடைபாதைக்கு ஒரே இன மரமாக வையுங்கள். நாலு வகையைக் கலந்தால் வரிசை கெடும். என் முதல் தேர்வு வேம்பு, அடுத்தது பூவரசு. ஒரே உயரக் கன்றாக வாங்கி, ஒன்றிரண்டு கூடுதலாக ஒரு மூலையில் வளர்த்து வையுங்கள். நடுவில் ஒன்று பட்டுப்போனால் அதே வயதுக் கன்று கையில் இருக்கும். மூன்றடிக் குழியைக் கோடையிலேயே எடுத்து ஆறப்போட்டு, மக்கிய சாணமும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள்.

கத்தரிக்கும் குட்டை வேலிக்கு மருதாணி. வறட்சி தாங்கும், வெட்ட வெட்ட அடர்த்தியாகும். ஆள் உயர வேலிக்குக் கொடுக்காப்புளி. அரளி நன்றாக வரும், ஆனால் விஷம்; மாடும் குழந்தையும் நடமாடும் பக்கம் வைக்க வேண்டாம்.

புல்லும் பூவும் வீட்டை ஒட்டிய முற்றத்தில் மட்டும், ஐந்து சென்டுக்கு மேல் போகாமல். ஒன்றரை அடி உயர மேடை கட்டி, முறையான அனுமதிச் சீட்டோடு வாங்கிய செம்மண்ணை நிரப்பி அதில் மல்லிகை, பவழமல்லி, நந்தியாவட்டை, துளசி. புல் என்றால் அருகு. நான்கு சதுர மேடை, நடுவில் ஒரு கல்தொட்டி, அவ்வளவுதான். மீதி ஆறேழு ஏக்கரை மானாவாரியாகவே விட்டு உளுந்தோ சோளமோ மல்லியோ போடுங்கள். நேரான வரிசை மரத்துக்குப் பின்னால் பச்சை விளைச்சல் தெரிவதைவிட நல்ல பின்னணி கிடைக்காது, வேலையாள் கூலியும் அதில் கொஞ்சம் வந்துவிடும்.

பராமரிப்பு அதிகமில்லை. வேலியைத் தையில் ஒரு தடவை, ஆடிக்கு முன் ஒரு தடவை கத்தரிக்க வேண்டும். மாசியில் மண் வெடிக்கத் தொடங்கும்போது மரத்தடியைக் கொத்திவிட்டு, வெடிப்பை மண்ணால் மூடி, சோளத்தட்டையைப் பரப்புங்கள். வேர் அறுபடாது, ஈரமும் நிற்கும். வெள்ளாட்டுக்குப் பூவரசுக் கன்று என்றால் உயிர், ஆகவே முதல் மூன்று வருஷம் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் முள் அடையுங்கள். வெட்டிப் போட்ட சீமைக் கருவேலம் அதற்காவது உதவட்டும்.