அந்தப் புத்தகத்துக்கும் ஓர் எண்

கிளை நூலகராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்தேன். தலைப்பு ‘நூலகத்தின் பயன்கள்’. 41 பேர் எழுதினார்கள். எல்லாவற்றிலும் அதே முன்னுரை, அதே பொருளுரை, அதே முடிவுரை. மூன்று பேருக்குப் பரிசு கொடுத்தோம், படம் எடுத்தோம், கட்டுரைகளைக் கோப்பில் கட்டிப் பீரோ மேல் வைத்தேன். அடுத்த வாரம் அந்த 41 பேரில் ஐந்து பேர்கூட நூலகத்துக்கு வரவில்லை.

தூசு தட்டுவதற்காக அந்தக் கோப்பை இறக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகளை எழுத வைத்தேனே தவிர, அவர்கள் எழுதியதை ஒருவரும் படிக்கவில்லை. நானே பரிசுக்காகப் புரட்டியதோடு சரி.

எங்கள் நூலகம் காவிரிப் படுகையில் இருக்கிறது. நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்த எஸ். ஆர். ரங்கநாதன் பிறந்த சீர்காழியும், 1931-இல் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோன மன்னார்குடியும் இந்தப் படுகையில்தான். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டப்படி ஊரார் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்கப்படுகிறது. ஊர்ப் பணத்தில் நடக்கும் இடம் இது. ஆனால் என் அலமாரிகளில் எங்கள் வாய்க்காலைப் பற்றியோ, சந்தையைப் பற்றியோ, புயலைப் பற்றியோ ஒரு வரி கிடையாது. அதை எழுதக்கூடியவர்கள் மாலை நாலரை மணிக்குப் பள்ளிப் பையோடு வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு ஆறேழு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் அவர்களோடு சேர்ந்து புத்தகங்களும் ஒலிப்பதிவுகளும் செய்துவருகிறோம். பட்டுத் தெரிந்துகொண்டவற்றைப் பிற நூலகர்களுக்கும் வாசகர் வட்ட நண்பர்களுக்கும் சொல்லத் தோன்றுகிறது.

தலைப்புக் கொடுக்காதீர்கள், கேள்வி கேளுங்கள்

தலைப்பைக் கேட்டதும் பிள்ளைக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிடுகிறது. அதனால் இப்படிக் கேட்டுப் பார்த்தேன்: “உங்க தெருவுல உனக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு சொல்லு.”

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எந்தப் புளியமரத்தில் வௌவால் தொங்கும், எந்த மரத்தில் தொங்காது என்று சொன்னான். இன்னொருத்தி மதகு திறக்கிற அன்று வாய்க்காலில் முதலில் மிதந்து வரும் சாமான்களை வரிசையாக அடுக்கினாள். சொல்லி முடித்ததும், “இப்ப சொன்னதை அப்படியே எழுது” என்றேன். எழுதினார்கள். எந்தக் கட்டுரை நோட்டிலும் கிடைக்காத வரிகள் அவை.

பென்சிலை எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “மழ வர்றதுக்கு முன்னாடி எங்க ஆடு என்னையப் பாத்துக் கத்தும்” என்று எழுதியிருந்தாள். நான் நல்லெண்ணத்தோடு அதை, “மழை பெய்வதற்கு முன்பு எங்கள் வீட்டு ஆடு கத்தும்” என்று மாற்றிவிட்டேன். அவள் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத் தாளை என்னிடமே நீட்டினாள்.

“இது நான் எழுதினது இல்ல டீச்சர். அது என்னையப் பாத்துதான் கத்தும்.”

நான் வெட்டி எறிந்தது அந்த ஆட்டுக்கும் அவளுக்கும் இருந்த உறவை. அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு விதி உண்டு. எழுத்துப் பிழையைப் பென்சிலால் வட்டமிடலாம், அதுவும் கேட்டுவிட்டு. வாக்கியத்தை மாற்றுவதானால் எழுதியவரே மாற்ற வேண்டும். பேச்சுத் தமிழில் வந்தால் பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். புரியாத இடத்தில் “இது எனக்குப் புரியலியே” என்று சொன்னால் போதும், அவர்களே சரிசெய்துகொள்கிறார்கள்.

சிறியதாகத் தொடங்குங்கள்

40 பக்க ஆண்டு மலர் போடலாம் என்று தொடங்கிப் பாதியில் விட்ட அனுபவமும் எனக்கு உண்டு. இப்போது எங்கள் முதல் பாடம் ஒரே ஒரு ஏ4 தாள். அதை மூன்று முறை மடித்துப் பிரித்து, நடுவில் ஒரு வெட்டுப் போட்டு மறுபடி மடித்தால் அட்டையோடு சேர்த்து எட்டுப் பக்கப் புத்தகம் கிடைக்கும். தைக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம். எல்லாப் பக்கமும் தாளின் ஒரே முகத்தில் இருப்பதால் ஒரு ஜெராக்ஸ் எடுத்தால் ஒரு பிரதி. ஒரு மாலைக்குள் பிள்ளை கையில் முடிந்த புத்தகம் இருக்கும். தொடங்கியதை முடித்த சந்தோஷம்தான் அடுத்த வாரம் அவர்களைத் திரும்ப வரவைக்கிறது.

அது பழகிய பிறகு பலர் சேர்ந்து 16 பக்க இதழ் செய்யலாம். நாலு ஏ4 தாள்களை நடுவில் மடித்து நடு மடிப்பில் ஸ்டேப்ளர் போட்டால் ஆயிற்று. பக்க எண்ணிக்கை நாலின் மடங்காகத்தான் வரும். அதனால் எழுதத் தொடங்கும் முன்பே வெற்றுத் தாளில் மாதிரி மடித்து, எந்தப் பக்கத்தில் யார் என்று குறித்துவிடுங்கள். பக்கம் போதாமல் ஒரு பிள்ளையின் படைப்பு விட்டுப்போவதைப் போல மனம் நோகச் செய்வது வேறில்லை.

பெரிய பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள்

ஒன்பதாம் வகுப்பைத் தாண்டியவர்கள் சின்னவர்களோடு உட்கார்ந்து கதை எழுத மாட்டார்கள். அவர்களை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்தால் வருவார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. அன்று பத்து வயதில் இருந்தவர்கள் வளர்ந்து பதினொன்றாம் வகுப்புக்கு வந்தபோது, “ஊரோட புயல் நினைவுகளை நீங்கதான் பதிவு பண்ணணும்” என்று ஏழு பேரிடம் ஒப்படைத்தேன். கையிலிருந்தவை இரண்டு செல்போன்களும் ஒரு நோட்டும்.

முதல் வாரம் வெறுங்கையாகத்தான் திரும்பினார்கள். “புயல் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் எல்லாரும் “பயமா இருந்துச்சு” என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். கேள்விகளை உட்கார்ந்து மாற்றினோம். “அன்னிக்கு ராத்திரி எங்க படுத்திருந்தீங்க? கூட யார் இருந்தா? விடிஞ்சதும் கதவத் திறந்து முதல்ல என்ன பாத்தீங்க?” இப்படிக் கேட்டபோது கதை தானாக வந்தது. ஒரு தாத்தா, தான் பெயர் சொல்லிக் கூப்பிடும் 11 தென்னைகளைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

பதிவுக்குச் சில குறிப்புகள். மின்விசிறியை நிறுத்துங்கள். செல்போனை விமான முறையில் போட்டுப் பேசுகிறவர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வெற்றுச் சுவர் அறையில் குரல் எதிரொலிக்கும், புத்தக அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்தால் எதிரொலிக்காது. நூலகத்தைவிட நல்ல ஒலிப்பதிவுக் கூடம் எங்கள் ஊரில் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போது நிறுத்துவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒரு பாட்டி பேசும்போதே அழுதுவிட்டார். பதிவு செய்த பெண் போனை அணைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாள் பாட்டி, “நேத்து பேசினதுல எம்மவன் விஷயத்த எடுத்துரு தாயி” என்றார். எடுத்துவிட்டார்கள். பதிவு மட்டும் முக்கியமென்று நான் சொல்லியிருந்தால் அந்தப் பெண் அதைக் கற்றிருக்க மாட்டாள்.

ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்

பிள்ளை எழுதியதற்கும் வரைந்ததற்கும் உரிமை பிள்ளைக்கே. நூலகம் அதைப் பிரதி எடுக்கவும் இரவல் கொடுக்கவும் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகிறோம். அதற்கு முன் பிள்ளையிடம் கேட்கிறோம். பெற்றோர் சரி என்று சொல்லிப் பிள்ளை வேண்டாம் என்றால், வேண்டாம்தான். 2023-இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்று கொண்டு, அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. அட்டையில் பெயரும் வகுப்பும் மட்டும் போடுகிறோம். பள்ளி, தெரு, முகப்படம் எதுவும் கிடையாது. மூலப் பிரதி பிள்ளையிடமே போகும், நூலகத்தில் இருப்பது நகல். கார்ட்டூன் பொம்மையைப் பார்த்து வரைந்து அட்டைப்படமாக்கக் கேட்பவர்களிடம், அதை வரைந்தவருக்கும் உன்னைப் போலவே உரிமை உண்டு என்று சொல்கிறேன். உடனே புரிந்துகொள்கிறார்கள்.

சுவரில் ஒட்டாதீர்கள், அலமாரியில் வையுங்கள்

நான் கற்றதில் இதுதான் பெரிது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளை எல்லாரும் பார்த்துவிட்டுப் போவார்கள், யாரும் படிக்க மாட்டார்கள். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்கிறது ரங்கநாதனின் மூன்றாம் விதி. ஆறாம் வகுப்புப் பிள்ளை மடித்துச் செய்த எட்டுப் பக்க நூலுக்கும் அது பொருந்தும் என்று நம்பினேன்.

தனியாக ஒரு நோட்டுப் போட்டோம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண், தலைப்பு, ஆசிரியர், தேதி. அட்டையில் நூலக முத்திரை. கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு. ஒலிப்பதிவுக்கும் எண் உண்டு, நூலகக் கணினியில் கேட்கலாம். மற்ற நூல்களைப் போலவே உறுப்பினர் அட்டை காட்டி 14 நாள் இரவல் எடுக்கலாம். நேற்றுவரை நோட்டில் 212 எண்கள்.

எழுதியவர்கள் வந்ததும் முதலில் தேதிச் சீட்டைத்தான் புரட்டுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தன் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார் என்பதற்கு அந்த ஊதா மைத் தேதிதான் சாட்சி. எந்தப் பரிசும் தராத ஒன்றை அது தருகிறது. வௌவால் பையன், தன் புத்தகத்தை எடுத்தவர் வேறென்ன எடுத்திருப்பார் என்று யோசித்து, பக்கத்து அலமாரியில் பறவை நூல்களைத் தேட ஆரம்பித்தான். அதுவரை அவன் பாடப்புத்தகம் தவிர எதையும் படித்ததில்லை.

தொடங்குவதற்குப் பெரிய செலவில்லை. பத்து ஏ4 தாள், ஒரு கத்தரிக்கோல், ஒரு கேள்வி, சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம். நாலு பேர் வந்தால் போதும். முடிந்ததும் அன்றே எண் போட்டு அலமாரியில் வையுங்கள். நாளைக்கு என்று தள்ளினால் பீரோ மேல் போய்விடும்.

எங்கள் நோட்டில் 7-ஆம் எண், ‘எங்க ஆடு’. அந்த வரி அவள் எழுதியபடியே இருக்கிறது. தேதிச் சீட்டு நிரம்பி, போன மாதம்தான் இரண்டாவது சீட்டு ஒட்டினேன்.