இலவசப் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பும் முன்

மகளிர் குழுவில் இருக்கும் வீட்டில், நூறு நாள் வேலைக்குப் போகும் வீட்டில், பள்ளி முடித்த பிள்ளை ஒன்று இருந்தால் என்றாவது ஒருநாள் ஒரு துண்டறிக்கை வந்து சேரும். இலவசப் பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு, சீருடை, முடித்ததும் வேலை. பல நேரம் அதன் பின்னால் இருப்பது மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2014 செப்டம்பரில் அறிவித்த தீன்தயாள் உபாத்யாயா கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டம். தமிழ்நாட்டில் அதை மேற்பார்ப்பது மாநில ஊரக வாழ்வாதார இயக்கம். ஊரில் நாம் மகளிர் திட்ட ஆபீஸ் என்று சொல்வோமே, அதுதான்.

பயிற்சியை நேரடியாக நடத்துவது அரசு இல்லை. ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனமோ தொண்டு நிறுவனமோ நடத்துகிறது. பிள்ளைக்கு இலவசம், ஆனால் அந்தப் பிள்ளையின் கணக்கில் நிறுவனத்துக்கு அரசுப் பணம் போகிறது, அதுவும் தவணை தவணையாக. பயிற்சி பெற்றவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேரை வேலையில் அமர்த்திக் காட்ட வேண்டும் என்பது திட்டத்தின் விதி. ஆகவே அந்த சென்டரில் நீங்கள் தயவு கேட்டு நிற்பவர் இல்லை. இது தெரியாமல்தான் நம் பெற்றோர் பலர் கேள்வி கேட்கக் கூசுகிறார்கள்.

செய்ய வேண்டியவை

தகுதியை நீங்களே சரிபாருங்கள். வயது 15 முதல் 35 வரை. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநர்களுக்கும் 45 வரை. குடும்பம் ஏழைக் குடும்பம் என்பதற்கு வறுமைக் கோட்டுப் பட்டியலில் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அந்தியோதயா அட்டை இருந்தாலும் சரி, வீட்டில் ஒருவர் மகளிர் குழு உறுப்பினராக இருந்தாலும் சரி, முந்தைய நிதியாண்டில் நூறு நாள் வேலையில் 15 நாளாவது வேலை பார்த்திருந்தாலும் சரி, ஒன்று போதும். பட்டியலில் பேர் இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் குழுவின் பாஸ் புத்தகத்தை எடுத்து நீட்டுங்கள்.

சேருவதற்கு முன் சென்டரை நேரில் போய்ப் பாருங்கள். அப்பா போவதைவிட அம்மா போவது நல்லது. அம்மாக்கள்தான் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெண்கள் விடுதியில் இரவு தங்கும் வார்டன் பெண்தானா, குடிநீர் எங்கிருந்து வருகிறது, உடம்பு சரியில்லை என்றால் யார் கூட்டிப்போவார்கள் என்று கேளுங்கள். தையல் பயிற்சி என்றால் பவர் மெஷின்கள் ஓடுகின்றனவா, உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, போன பேட்சில் படித்த நாலு பேரின் போன் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். நம்பர் தரத் தயங்கும் சென்டரை நான் நம்ப மாட்டேன்.

கோர்ஸின் பெயரைக் கேட்பதோடு நிற்காமல், அது முடிந்தால் என்ன வேலை என்று கேளுங்கள். திருப்பூரில் தையல் மெஷினா, ஓரகடத்தில் அசெம்ப்ளி லைனா, ஜவுளிக்கடையில் விற்பனையா? மருத்துவமனை உதவியாளர் பயிற்சியில்தான் ஏமாற்றம் அதிகம். நர்ஸ் ஆகப் போகிறோம் என்று நினைத்துச் சேரும் பெண்கள் இருக்கிறார்கள். அது நர்சிங் படிப்பு இல்லை. நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, சக்கர நாற்காலியில் அழைத்துப் போவது. மதிப்பான வேலைதான், ஆனால் தெரிந்து சேர வேண்டும்.

தினமும் கைரேகை வையுங்கள். மூன்று மாதப் பயிற்சி என்றால் 576 மணி நேரம் என்று கணக்கு உண்டு. வருகை குறைந்தால் சான்றிதழ் தேர்வில் சிக்கல் வரும்.

ஆங்கிலம், கம்ப்யூட்டர், பேசிப் பழகும் வகுப்புகளுக்குக் குறைந்தது 160 மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று திட்டத்திலேயே இருக்கிறது. பல பிள்ளைகள் இதை ஓய்வு நேரமாக எண்ணித் தூங்கிவிடுகிறார்கள். லைனில் நிற்கும் வேலையிலிருந்து சூப்பர்வைசர் வேலைக்குப் போக உதவுவது இந்த வகுப்புதான்.

சம்பளத்தைக் 'கைக்கு எவ்வளவு' என்று கேளுங்கள். உதாரணத்துக்கு 14,000 ரூபாய் என்கிறார்கள், முழுத் தொகைக்கும் பி.எஃப். பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாய் அதற்குப் போகும். இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், 105 ரூபாய். மிச்சம் 12,215. இதிலிருந்து விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் வேனுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பி.எஃப். பணம் எங்கும் போய்விடாது, யு.ஏ.என். எண்ணைப் பத்திரமாகக் குறித்து வைத்தால் உங்கள் பணம் உங்களுக்குத்தான்.

வேலையில் சேர்ந்த பிறகு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சொந்த மாவட்டத்துக்குள் வேலை என்றால் இரண்டு மாதம், மாநிலத்துக்குள் வேறு மாவட்டம் என்றால் மூன்று மாதம், வெளி மாநிலம் என்றால் ஆறு மாதம் என்று வழிகாட்டு நெறி சொல்கிறது. கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். பதிவுக் கட்டணம், முன்பணம், 'சாருக்கு ஏதாவது' எதுவும் கிடையாது.

அசல் சான்றிதழ்களை ஒப்படைக்காதீர்கள். பயிற்சி மையமாக இருந்தாலும் கம்பெனியாக இருந்தாலும் அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். மதிப்பெண் பட்டியல் அவர்களிடம் மாட்டிக்கொண்டதால் வேலையை விட முடியாமல் தவிக்கும் பிள்ளைகள் உண்டு. ஏ.டி.எம். கார்டும் ஓ.டி.பி.யும் அப்படியே. வெற்றுத்தாளில் கையெழுத்தும் வேண்டாம்.

'மூன்று வருடம் இருந்தால் கடைசியில் மொத்தமாகத் தருவோம்' என்ற வேலைக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்ததை நாம் பார்த்துவிட்டோம். இடையில் உடம்புக்கு முடியாமல் திரும்பியவர்களுக்கு அந்த மொத்தம் வரவில்லை. சம்பளம் மாதாமாதம் பெண்ணின் பேரில் உள்ள கணக்கில் விழ வேண்டும்.

படித்துக்கொண்டிருக்கும் ஐ.டி.ஐ. படிப்பையோ கல்லூரியையோ நிறுத்திவிட்டு மூன்று மாதப் பயிற்சிக்கு வராதீர்கள். பேட்ச் நிரம்ப ஆள் வேண்டும் என்பதற்காக இப்படி அழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது ஒரு எண்ணிக்கை. உங்களுக்கு இரண்டு மூன்று வருட உழைப்பு.

கடையோ பண்ணையோ வைக்க ஆசைப்படும் பையனை வேலைப் பயிற்சியில் தள்ளாதீர்கள். அவனுக்கு வேறு இடம் இருக்கிறது: வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் கிராமப்புறச் சுயதொழில் பயிற்சி நிறுவனம். 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய மாதிரியிலிருந்து வந்தது இது. ஆடு வளர்ப்பு, செல்போன் பழுது நீக்கல், அழகுக்கலை போன்றவற்றைத் தங்க வைத்து இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். முடித்த பின் இரண்டு வருடம் தொடர்பில் இருந்து கடனுக்கும் வழிகாட்ட வேண்டும் என்பது அவர்கள் பொறுப்பு.

முதல் மாதத்திலேயே மூட்டையைக் கட்டாதீர்கள். சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, நைட் ஷிப்டில் தூக்கம் வராது, ஊர்த் திருவிழா வேறு வந்து நிற்கும். பெற்றோரும் ஒவ்வொரு போனிலும் 'முடியலன்னா வந்துடு கண்ணு' என்று சொல்லாமல் இருந்தால் பாதிப் பிள்ளைகள் நிலைத்துவிடுவார்கள் என்பது என் எண்ணம். ஆனால் சொன்ன சம்பளம் வரவில்லை என்றாலோ, மேற்பார்வையாளர் கை நீட்டினாலோ, தப்பாகப் பேசினாலோ பொறுத்துப்போக ஒரு காரணமும் இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெண்களுக்கு 181 என்ற எண்ணும் இருக்கிறது.

புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். சென்டரைப் பற்றியோ வேலையைப் பற்றியோ எதுவானாலும் எழுதி, தேதி போட்டு, மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் கொடுங்கள். அங்கே அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் கிளம்பாதீர்கள்.