வலது இருதயத்தின் சுமை: மலை உச்சியும் தங்கச் சுரங்கமும்

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்க வயல் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கிருந்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரையிலிருந்து கீழ்நோக்கி 3 கிலோமீட்டருக்கு மேல் சென்றது. இந்தியாவின் வட எல்லையிலுள்ள லே நகரமோ கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. பல ஆண்டுகள் பூமிக்குள் இறங்கிப் பாறையைத் துளைத்த தொழிலாளியும், மலைமேல் ஏறிப் பனிச் சிகரங்களில் காவல் புரியும் போர்வீரனும் நேர் எதிரான திசைகளில் சென்றவர்கள். ஆயினும் இவ்விருவரில் சிலருக்கு ஒரே விதமான துன்பம் நேரிடுகின்றது. நடந்தால் மூச்சு வாங்குகின்றது; கால்கள் வீங்குகின்றன; கழுத்து நரம்புகள் புடைக்கின்றன. இருவருடைய இருதயத்திலும் வலது பாகமே பெருத்திருக்கக் காணப்படுகின்றது. இந்த ஒற்றுமையின் காரணம் யாது, அதனைப் படங்களின் மூலம் எவ்வாறு கண்டறிவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆழத்தில் காற்று குறைவதில்லை

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளுதல் நலம். உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. கடல் மட்டத்தில் 760 பாதரச மில்லிமீட்டராக உள்ள அழுத்தம் லே நகரில் ஏறத்தாழ 490 ஆகவும், 5,500 மீட்டர் உயரத்தில் பாதியாகவும் குறைந்துவிடுகின்றது. காற்றில் பிராணவாயுவின் பங்கு எங்கும் நூற்றுக்கு 21தான். ஆனால் மொத்த அழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் பிராணவாயுவின் அளவு குறைகின்றது.

சுரங்கத்தின் அடியில் நிலைமை இதற்கு மாறானது. கோலார்ச் சுரங்கத்தின் மிக ஆழமான பகுதி கடல் மட்டத்திற்கும் 2 கிலோமீட்டருக்கு மேல் கீழே இருந்தது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அதிகம். எனவே நல்ல காற்றோட்டம் உள்ள இடத்தில் வேலை செய்பவனுக்கு ஆழத்தின் காரணமாகப் பிராணவாயுக் குறைவு ஏற்படுவதில்லை. அவனை வருத்தியவை வேறு இரண்டு: ஒன்று பாறையின் வெப்பம், மற்றொன்று துளையிடும்போது எழும் நுண்ணிய கல் தூசி. வெப்பம் சுரங்கத்தை விட்டு மேலேறியதும் நீங்கிவிடும்; தூசி நீங்குவதில்லை. வலது இருதயத்தின் துன்பத்திற்கு வித்தாக அமைந்தது அந்தத் தூசியே.

இருதயத்தின் இரு பாகங்கள்

இருதயம் ஓர் உறுப்பாயினும் இரண்டு பம்புகளின் வேலையைச் செய்கின்றது. இடது கீழறை உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்துகின்றது. அதற்கு 120 பாதரச மில்லிமீட்டர் அளவிற்கு அழுத்தம் வேண்டியிருப்பதால் அதன் சுவர் தடித்தது. வலது கீழறை நுரையீரலுக்கு மட்டுமே இரத்தத்தை அனுப்புகின்றது. நுரையீரலின் இரத்தக் குழாய்கள் மிருதுவாகவும் அகன்றும் இருப்பதால் 25 பாதரச மில்லிமீட்டர் உச்ச அழுத்தமே அதற்குப் போதுமானது. ஆகவே அதன் சுவரும் மெல்லியது. சாதாரணமாக 5 மில்லிமீட்டருக்கு மேற்படாதது.

நுரையீரலின் வழி குறுகிவிட்டால், எளிய வேலைக்கென அமைந்த இந்த மெல்லிய அறை கடினமான வேலையை ஏற்க நேரிடும். முதலில் அதன் தசை தடிக்கும், பின்னர் அறை விரியும், இறுதியில் சோர்ந்துபோகும். அப்போது உடலிலிருந்து திரும்பும் இரத்தம் தேங்குகின்றது; கால்கள் வீங்குகின்றன; கல்லீரல் பெருக்கின்றது.

வழி குறுகுவது எதனால்?

1946-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டைச் சேர்ந்த வான் ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் என்னும் இரு அறிஞர்கள் பூனைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினர். பிராணவாயு குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தபோது நுரையீரல் தமனியின் அழுத்தம் உயர்ந்ததை அவர்கள் கண்டனர். உடலின் மற்றப் பாகங்களில் பிராணவாயு குறைந்தால் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. நுரையீரலிலோ அவை சுருங்குகின்றன.

இதில் ஒரு நன்மை உண்டு. நுரையீரலின் ஒரு மூலையில் சளி அடைத்துக் காற்றுப் புகாவிடில், அம்மூலைக்குச் செல்லும் குழாய்கள் சுருங்கி, இரத்தத்தை நல்ல காற்றுள்ள பகுதிக்குத் திருப்பிவிடுகின்றன. வாய்க்காலில் ஒரு மடையை அடைத்து மறு மடைக்கு நீரைத் திருப்புவது போன்றது இது. ஆனால் மலைமீது நுரையீரல் முழுவதிலுமே பிராணவாயு குறைவு. எல்லா மடைகளும் ஒருங்கே அடைபடத் தொடங்குகின்றன. நீரைத் தள்ளும் பம்பின் மீது சுமை முழுவதும் வீழ்கின்றது.

மலைகள் கற்பித்த பாடம்

அமெரிக்காவின் கொலராடோ மலைப் பகுதியில் மேய்ந்த மாடுகளிடையே காணப்பட்ட ஒரு நோய் 1915-ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. மாடுகளின் முன்னங்கால்களுக்கிடையே மார்புப் பகுதி நீர் கோத்து வீங்கிற்று, பல மடிந்தன. பள்ளத்தாக்கிற்கு இறக்கப்பட்டவை பிழைத்தன. அது வலது இருதயம் சோர்ந்ததன் விளைவு என்பது பின்னர் தெளிவாயிற்று.

மனிதரிடத்தில் இதனை அளந்து காட்டியோருள் பெரு நாட்டு மருத்துவர்கள் முதன்மையானவர்கள். அங்கே 4,500 மீட்டர் உயரத்திலுள்ள மொரோகோச்சா என்னும் ஊர், கோலாரைப் போலவே ஒரு சுரங்க நகரம். அங்குப் பிறந்து வளர்ந்த ஆரோக்கியமான மனிதரின் நுரையீரல் தமனியில் சராசரி அழுத்தம் 28 பாதரச மில்லிமீட்டராக இருந்தது. கடற்கரையிலுள்ள லிமா நகரத்தாரிடம் அது 12தான். உயரத்தில் பிறந்தவர்கள் இரண்டு ஆண்டுகள் கடற்கரையில் வாழ்ந்தபின் அவ்வழுத்தம் கடற்கரை மக்களின் அளவிற்குத் தாழ்ந்தது என்று 1971-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

எனினும் எல்லா மனிதருக்கும் இது ஒன்றுபோல் இருப்பதில்லை. லாசாவில் வாழும் திபெத்தியரைச் சோதித்தபோது அவர்களுடைய நுரையீரல் அழுத்தம் கடல் மட்டத்து மக்களுடையதைப் போன்றே இருந்தது. எண்ணற்ற தலைமுறைகளாக அவ்வுயரத்தில் வாழ்ந்ததன் பயன் இது எனக் கருதப்படுகின்றது.

இந்தியாவில் 1962-ஆம் ஆண்டு எல்லைப் போருக்குப் பின், சமவெளியிலிருந்து விரைவாக மலைமேல் அனுப்பப்பட்ட வீரர்களைப் பற்றிய ஆராய்ச்சி அவசரத் தேவையாயிற்று. புது டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சுஜாய் ராயும் அவருடைய குழுவினரும், நுரையீரலில் திடீரென நீர் கோத்த வீரர்களின் இருதயத்துள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தனர். நுரையீரல் தமனியின் அழுத்தம் மிகுந்திருந்தது. ஆனால் இடது இருதயம் சோர்ந்திருக்கவில்லை. 1969-ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, நோயின் தோற்றுவாய் நுரையீரல் குழாய்களிலேயே உள்ளது என்பதை உறுதிப்படுத்தியது.

பின்னர் இந்தர் ஆனந்தும் அவருடைய குழுவினரும் 5,800 மீட்டர் முதல் 6,700 மீட்டர் வரையுள்ள உயரங்களில் பல வாரங்கள் தங்கியிருந்த 21 இளம் வீரர்களைப் பற்றி 1990-ஆம் ஆண்டில் எழுதினர். அவ்வீரர்களுக்கு உடல் வீக்கமும் மூச்சுத் திணறலும் ஏற்பட்டிருந்தன. வலது கீழறை விரிந்திருந்தது. கொலராடோ மாடுகளின் நோய் மனிதரிடமே தோன்றியது எனலாம். கீழே கொண்டுவரப்பட்ட சில மாதங்களில் அவர்களுடைய இருதயம் பழைய அளவை அடைந்தது.

படங்கள் எவ்வாறு உதவுகின்றன?

இருதயத்துள் குழாய் செலுத்தி அளப்பது துல்லியமானது. ஆயினும் ஒவ்வொரு வீரனுக்கும் தொழிலாளிக்கும் அடிக்கடி செய்யத்தக்கது அன்று. அக்குறையைப் படங்கள் நிறைவு செய்கின்றன.

எக்ஸ்-ரே படத்தில் இருதயத்தின் நிழல் மார்பின் அகலத்தில் பாதிக்கு மேற்படின் அது பெருத்துள்ளது எனக் கொள்வது வழக்கம். ஆனால் வலது கீழறை மார்பெலும்பை ஒட்டி முன்புறம் இருப்பது. முதலில் முன்னோக்கியே வளர்வது. ஆதலால் நேராக எடுத்த எக்ஸ்-ரே அதன் தொடக்க மாறுதலைக் காட்டத் தவறலாம்.

இக்குறையை நீக்கியது எதிரொலிப் படம். மக்கள் வழக்கில் 'எக்கோ'. செவிக்கு எட்டாத ஒலியலைகளை மார்பின் வழியே செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியால் இருதயத்தின் உருவத்தை அறியும் முறை இது. சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் ஆகிய இருவரும் 1953-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். வலது கீழறையின் சுவர்த் தடிப்பையும் விரிவையும் இதில் காணலாம். இரு கீழறைகளுக்கும் இடையிலுள்ள சுவரின் வடிவமும் முக்கியமானது. குறுக்கு வெட்டில் இடது கீழறை முழு வட்டமாகத் தோன்ற வேண்டும். வலப்புறத்தில் அழுத்தம் மிகுந்தால் இடைச்சுவர் தட்டையாகி வட்டம் அரைவட்டம்போல் ஆகின்றது.

எதிரொலிப் படத்தால் அழுத்தத்தையும் கணக்கிடலாம். வலது கீழறைக்கும் மேலறைக்கும் இடையே மூவிதழ் வால்வு உள்ளது. பலருக்கு இதில் சிறிது இரத்தம் பின்னோக்கிக் கசிவதுண்டு. கீழறையின் அழுத்தம் எவ்வளவு மிகுதியோ, கசிவும் அவ்வளவு வேகமாகப் பாய்கின்றது. அவ்வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என அளந்து, அதன் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் இரு அறைகளுக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாடு பாதரச மில்லிமீட்டரில் கிடைக்கும். உதாரணமாக, வேகம் 3 மீட்டர் எனில், மூன்றின் வர்க்கம் 9. நான்கால் பெருக்க 36. மேலறையின் அழுத்தம் 5 எனக் கொண்டு கூட்டினால் 41. இருக்க வேண்டியது ஏறத்தாழ 25. உடலைக் கீறாமலே வலது இருதயத்தின் சுமை இவ்வாறு எண்ணாக வெளிப்படுகின்றது. கருவியும் கையில் எடுத்துச் செல்லத்தக்கதாகிவிட்டமையால், மலைமேலேயே இச்சோதனையைச் செய்ய முடிகின்றது.

காந்த சக்தியால் இயங்கும் எம்.ஆர்.ஐ. கருவி இருதயத்தைத் துண்டு துண்டாகப் படம் பிடித்து, ஒவ்வோர் அறையின் கொள்ளளவையும் தசையின் எடையையும் மிகத் துல்லியமாகத் தருகின்றது. வலது கீழறையின் வடிவம் ஒழுங்கற்றதாகையால் அதனை அளப்பதற்கு இதுவே சிறந்த முறை. ஆனால் இக்கருவியை மனிதன் நாடிச் செல்ல வேண்டும்; கருவி மனிதனை நாடி மலையேறாது.

கோலாரின் தூசி

இனி கோலாருக்குத் திரும்புவோம். அங்கே தங்கம் படிகக் கல் நரம்புகளில் பொதிந்திருந்தது. துளையிடும்போது எழுந்த தூசியில் சிலிக்கா மிகுந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத இத்துகள்கள் நுரையீரலின் நுண்ணறைகளை அடைந்து, அங்கேயே தங்கிப் புண்படுத்தி, தழும்பு முடிச்சுகளை உண்டாக்குகின்றன. இதுவே சிலிக்கோசிஸ் என்னும் நோய். 1940-களில் அச்சுரங்கத் தொழிலாளரில் 7,000-க்கும் மேற்பட்டோரை எக்ஸ்-ரே மூலம் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. அத்தொழிலாளருள் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பத்தினர்.

தழும்பு வளர வளர நுரையீரலின் நுண்குழாய்கள் அழிகின்றன. எஞ்சியவை பிராணவாயுக் குறைவால் சுருங்குகின்றன. மலைமீது காற்றின் குறைவால் நேர்வது இங்கே நுரையீரலின் சிதைவால் நேர்கின்றது. வலது இருதயத்திற்கு இவ்விரண்டும் ஒன்றே. டில்லியில் டாக்டர் பத்மாவதி 1950-களில் நடத்திய ஆராய்ச்சி மூன்றாவது வழியையும் காட்டிற்று: அடுப்புப் புகையைப் பல ஆண்டுகள் சுவாசித்த பெண்களிடமும் இதே வலது இருதய நோய் மிகுந்து காணப்பட்டது.

ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மலையின் நோய்க்கு மருந்து இறங்குதல். வீரன் கீழே வந்ததும் குழாய்கள் விரிகின்றன. சுரங்கத் தொழிலாளியோ தரைக்கு ஏறி வந்தும் தூசியை உள்ளேயே சுமந்து வருகின்றான். கோலார்ச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. ஆனால் தூசியின் தொடர்பு அற்ற பின்னரும் சிலிக்கோசிஸ் வளரக்கூடியது. அழிந்த நுண்குழாய்களை மீட்க வழியில்லை. பிராணவாயு மிகக் குறைந்தவர்களுக்கு நாள்தோறும் 15 மணி நேரத்திற்குக் குறையாமல் பிராணவாயு அளிப்பது ஆயுளை நீட்டுகின்றது என்பது, புகையாலும் சளியாலும் நுரையீரல் கெட்டவர்களிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 1981-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வினால் தெரிய வந்தது. மலையிலிருந்து இறங்க இயலாதவனுக்குச் சமவெளியின் காற்றை வீட்டிற்கே கொண்டுவருவது போன்றது அது.

ஆகவே முன்கூட்டிக் கண்டறிதலே இங்கு முக்கியம். மார்பு எக்ஸ்-ரே நுரையீரலின் தழும்பைக் காட்டும். வலது இருதயம் எவ்வளவு வருந்துகின்றது என்பதை எதிரொலிப் படமே காட்டும். சுரங்கத்தில் உழைத்த முதியவர் ஒருவர் கால் வீக்கத்தோடும் மூச்சுத் திணறலோடும் மருத்துவரிடம் வந்தால், அதனை முதுமையின் இயல்பு என்று விட்டுவிடலாகாது. அவர் எங்கே, எத்தனை ஆண்டுகள், என்ன வேலை செய்தார் என்று கேட்க வேண்டும். அதன்பின் அவருடைய இருதயத்தின் வலப்பாகத்தைப் பார்க்க வேண்டும். போர்வீரனின் இருதயத்தைக் காக்கக் கற்ற முறை, பொன்னைத் தோண்டித் தந்தவனுடைய இருதயத்திற்கும் உரியதே.