விலைச்சீட்டைப் பார்க்குமுன் குரலைக் கேளுங்கள்

வெலிமடையிலோ பண்டாரவளையிலோ விழிப்புலனற்ற பிள்ளை ஒன்றுக்குக் கணினி வாங்கிக் கொடுக்க ஒரு குடும்பமோ நலன்புரிச் சங்கமோ முன்வந்தால், பேச்சு விரைவிலேயே மென்பொருளின் விலையில் வந்து நின்றுவிடுகிறது. திரையில் உள்ளதைக் குரலாக்கிச் சொல்லும் திரைவாசிப்பான்களில் விலை கூடியதே தரமானது, இலவசமாகக் கிடைப்பது வசதியில்லாதோருக்கான இரண்டாந்தரம் என்று பலரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு என்பதோடு, தேர்வையே பிழையான இடத்திலிருந்து தொடங்க வைக்கிறது. ஊவாவின் தோட்டப்புறத்தில் வளரும் ஒரு பிள்ளைக்கு ஏற்ற திரைவாசிப்பானை முடிவுசெய்ய இரண்டு கேள்விகள் போதும்: அது எந்தெந்த மொழிகளில் பேசும்? பிள்ளையின் கைக்கு வரும் கோப்புகள் எந்த எழுத்துமுறையில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கின்றன?

முதலில் விலை. இத்துறையில் மூத்த பெயர் ஜாஸ். விபத்தொன்றில் பார்வையை இழந்த அமெரிக்கரான டெட் ஹென்டரின் நிறுவனம் 1989 இல் அதை வெளியிட்டது. அதன் நிரந்தர அலுவலக உரிமம் ஆயிரம் டொலரைத் தாண்டும். உரிமம் இல்லாமல் ஓட்டினால் நாற்பது நிமிடம் வேலை செய்யும். பிறகு கணினியை மூடித் திறக்க வேண்டும். மற்றொரு திரைவாசிப்பானான என்விடிஏ 2006 இல் தொடங்கப்பட்டது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரு பார்வையற்ற இளைஞர்கள் அதை வளர்த்தார்கள். அது முற்றிலும் இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. இலவசம் என்பதால் அதைக் கவனிப்பார் இல்லை என்று எண்ண வேண்டாம். ஆண்டுக்கு நான்கு பதிப்புகள் வரை வெளிவருகின்றன. வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு 2023 இறுதியில் தொடங்கி நடத்திய பயனர் கருத்தாய்வில், முதன்மையாக ஜாஸைப் பயன்படுத்துவதாகச் சொன்னோர் 40.5 சதவீதம், என்விடிஏ என்றோர் 37.7 சதவீதம். பதிலளித்தோரில் பெரும்பாலோர் வட அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்தவர்கள். பணம் கொடுத்து வாங்க வழியுள்ள நாடுகளிலேயே நிலைமை இப்படி இருக்கிறது. அதே ஆய்வில் பத்தில் ஏழு பேர் ஒன்றுக்கு மேற்பட்ட திரைவாசிப்பான்களைப் பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றைப் பழகினால் மற்றதற்கு மாற முடியாது என்ற அச்சமும் இதோடு போய்விடுகிறது.

“கணினி தமிழ் வாசிக்காது” என்ற நம்பிக்கை இதைவிடக் கெடுதல் செய்கிறது, ஏனெனில் அதை நம்புகிறவர்கள் பிள்ளையை ஆங்கிலத்துக்குள் மட்டும் அடைத்துவிடுகிறார்கள். திரைவாசிப்பான் வேறு, குரல் வேறு. எதைச் சொல்ல வேண்டும் என்பதை முன்னையது தீர்மானிக்கிறது. அதை ஒலியாக்குவது பேச்சுப்பொறி. என்விடிஏயை நிறுவும்போதே இஸ்பீக் என்ற பேச்சுப்பொறி கூடவே வருகிறது. அதில் தமிழ் உண்டு, சிங்களம் உண்டு, ஆங்கிலமும் உண்டு. பதுளை மாவட்டத்தில் படித்து, பிரதேச செயலகத்தில் அலுவல் பார்த்து, சிங்களத்தில் வரும் சுற்றுநிருபத்தையும் விளங்கிக்கொள்ள வேண்டியவருக்கு இம்மூன்றும் ஒரே பொதியில் கிடைப்பது எந்த விலையுயர்ந்த வசதியையும்விடப் பெரிது. ஜாஸோடு நெடுங்காலமாக வரும் புகழ்பெற்ற எலொக்குவன்ஸ் குரலுக்குத் தமிழ் தெரியாது. விண்டோஸ் 10 முதல் மைக்ரோசொஃப்ட் தரும் ‘வள்ளுவர்’ என்ற தமிழ்க் குரலைத் தரவிறக்கிக்கொள்ளலாம். அந்தக் குரல் இந்தியத் தமிழில் பேசும் என்றாலும் காதுக்கு இதமானது. இஸ்பீக் இயந்திரம்போல ஒலிக்கிறது என்ற குறை உண்மைதான். ஆனால் அதைக் கேட்டு முகம் சுளிப்போர் பெரும்பாலும் பார்வையுள்ளவர்கள். நாள் முழுதும் கேட்டு வேலை செய்கிறவருக்கு வேகத்தைப் பல மடங்கு கூட்டினாலும் எழுத்துச் சிதையாத குரல் வேண்டும். இஸ்பீக் அந்த வேகத்தைத் தாங்கும்.

உண்மையான தடை மென்பொருளுக்கு வெளியே இருக்கிறது. இலங்கையில் தமிழ் தட்டச்சு செய்வோர் பலர் இன்னும் பாமினி எழுத்துருவை விடவில்லை. பாமினியில் தட்டிய ‘அம்மா’ பார்ப்பவர் கண்ணுக்கு அம்மாதான். கோப்புக்குள்ளே கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். ஆயிரம் டொலர் கொடுத்து வாங்கியதும் அந்தக் குறிகளைத்தான் வாசிக்கும், இலவசமாக இறக்கியதும் அவற்றைத்தான் வாசிக்கும். தமிழ் எழுத்தைத் தமிழ்க் குறியாகவே கோப்பில் பதியும் யுனிகோட் முறைக்கான எஸ்எல்எஸ் 1326 தரநிர்ணயம் நம் நாட்டில் 2008 இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு வினாத்தாளோ பயிற்சித்தாளோ பாமினியில் தட்டப்பட்டால், விழிப்புலனற்ற மாணவருக்கு அது வெற்றுத்தாள். ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிய சுற்றுநிருபமும் அப்படியே: அது எழுத்தின் படம், அதில் எழுத்து இல்லை. “திரைவாசிப்பான் திரையில் உள்ள எல்லாவற்றையும் வாசிக்கும்” என்று நம்பிப் பணம் செலவழித்தவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டெசராக்ட் போன்ற இலவச எழுத்துணரிகள் படத்திலிருந்து தமிழைப் பிரித்தெடுக்கின்றன. ஆனால் அட்டவணையும் கணக்கும் கலந்த பக்கத்தில் பிழைகள் மலிந்துவிடும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். அலுவலகங்களில் ஜாஸ்தானே கேட்பார்கள் என்பது ஒன்று. சில நிறுவனங்களின் தனிப்பட்ட மென்பொருள்களுக்கு ஜாஸில் நிரல் எழுதிப் பொருத்தியிருப்பார்கள். தொலைவிலிருந்து வேறொரு கணினியை இயக்கும் வேலைக்கும் அது நெடுங்காலமாகப் பழக்கப்பட்டது. அத்தகைய வேலை கிடைத்தால் உரிமத்தை வாங்கித் தர வேண்டியவர் தொழில் கொடுப்பவர். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இயலாமையைக் காட்டி வேலைக்குச் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. பத்தாம் தரத்தில் இருக்கும் பிள்ளையின் குடும்பம் அந்தச் செலவை முன்கூட்டியே சுமக்கக் காரணமே இல்லை. கைபேசி இருக்கும்போது கணினி எதற்கு என்பது மற்றது. அண்ட்ரொய்ட் கைபேசியின் திரைவாசிப்பானான டோக்பேக் தமிழ் பேசும், லயத்து வீடுகளிலும் கைபேசி வந்துவிட்டது. செய்தி படிக்கவும் குரல் அனுப்பவும் அது போதும். சாதாரண தரத் தமிழ்ப் பாடத்துக்குப் பந்தி பிரித்துக் கட்டுரை எழுத, எழுதியதில் ஓர் எழுத்தைத் தேடிப் போய்த் திருத்த, விரிதாளில் நிரலுக்கு நிரல் நகர, விசைப்பலகை வேண்டும்.

என்விடிஏயை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துச் சென்று, நூலகத்திலோ பாடசாலையிலோ உள்ள கணினியில் நிறுவாமலே இயக்கலாம். உள்நுழையும் திரையிலும் நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டியிலும் அது பேசாது. அந்த இரண்டு இடங்களில் மட்டும் பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். ஆகவே வாங்குமுன் பரீட்சித்துப் பார்க்கப் பணம் தேவையில்லை. பிள்ளையின் கடந்த தவணைப் பயிற்சித்தாள் ஒன்றை அதில் திறந்து, தமிழ்க் குரலைத் தெரிவுசெய்து, முதல் வரியைக் கேளுங்கள். தமிழ் வந்தால் சேர்த்து வைத்த காசு நல்ல தலையணிபேசிக்கும், சில மாதப் பயிற்சிக்கும் போகட்டும். எம், கே, அரைப்புள்ளி என்று வந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அதிபரிடம் போய், அடுத்த தவணையிலிருந்து யுனிகோடில் தட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.