மொபிலிட்டி எண்ணை நம்புமுன்

சில அணு தடிமனே உள்ள தாள்களில் டிரான்சிஸ்டர் செய்து அளக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு:

1. முதலில் டேப் பிடிக்கப் பழகுங்கள். 2004-ல் மான்செஸ்டரில் கைமும் நோவோசெலோவும் கிராஃபீனை உரித்தது ஒட்டு டேப்பால்தான். வெடுக்கென்று இழுத்தால் தூள்தான் மிஞ்சும். ஆக்சைடு 90 அல்லது 300 நானோமீட்டருக்கு அருகில் உள்ள சிலிக்கானில் ஒட்டுங்கள். அந்தத் தடிமன்களில்தான் ஒற்றை அடுக்கு மைக்ரோஸ்கோப்பில் நன்றாகக் கண்ணில் படும்.

2. மணிக்கட்டில் தரைப்பட்டை கட்டாமல் ஊசியை இறக்காதீர்கள். மூன்று வாரம் பாடுபட்டுச் செய்ததை ஒரே நொடியில் பொசுக்கியவன் சொல்கிறேன். ஏசி அறையின் காய்ந்த காற்று, உடம்பில் ஏறிய நிலைமின்சாரம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சோர்ஸுக்கும் டிரெயினுக்கும் நடுவே வெறும் ஆக்சைடு.

3. கேட் கசிவை முதலில் பாருங்கள். கசிகிறதா, அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம்.

4. மின்னோட்டம்–மின்னழுத்தக் கோடு நேராக வந்துவிட்டது, தொடுமுனை நன்றாக இருக்கிறது என்று துள்ளாதீர்கள். மாலிப்டினம் டைசல்ஃபைடில் உலோகம் தொடும் இடத்தில் ஒரு மின்தடுப்பு எழும். அறை வெப்பத்தில் எலெக்ட்ரான்கள் அதைத் தாண்டிவிடுவதால் தெரியாது. குளிர வைத்தால் கோடு வளையும். அதுவரை நீங்கள் அளந்தது தாளை அல்ல, தொடுமுனையை. 2021-ல் பிஸ்மத்தை வைத்துத் தொடுமுனையின் மின்தடையை 123 ஓம்-மைக்ரோமீட்டருக்கு இறக்கிக் காட்டினார்கள். நம்மிடம் தங்கம்தான் இருக்கிறதென்றால், நான்கு முனை போட்டு அளப்பதே நேர்மை.

5. கொள்திறனில் ஏமாறாதீர்கள். 2011-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் கிஸ் குழு, ஒற்றை அடுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு டிரான்சிஸ்டரைச் செய்தது. அணைந்த நிலைக்கும் எரியும் நிலைக்கும் நடுவே மின்னோட்டம் பத்துக் கோடி மடங்கு மாறியது. அதை யாரும் மறுக்கவில்லை. மொபிலிட்டி சுமார் 200 என்றதில்தான் சிக்கல். மேலே ஒரு கேட், கீழே ஒரு கேட். கீழ்க் கேட்டை மாற்றும்போது மேல் கேட்டைத் தனியே மிதக்கவிட்டால் அதுவும் கூடவே ஏறி இறங்கும். உண்மையான கொள்திறன் ஏட்டில் போட்டதைவிடப் பல மடங்கு ஆகிவிடும். மொபிலிட்டிக் கணக்கில் கொள்திறன் வகுக்கும் பக்கம் இருக்கிறது; அதைக் குறைத்துப் போட்டால் விடை வீங்கும். 2013-ல் ஃபியூரரும் ஹோனும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். பெரிய கைகளுக்கே சறுக்கிய இடம் இது. ஆகவே மேல் கேட்டை ஒரு நிலையான மின்னழுத்தத்தில் கட்டிப்போடுங்கள். முடிந்தால் ஹால் விளைவில் எலெக்ட்ரான்களை நேரே எண்ணிவிடுங்கள்.

6. கேட் மின்னழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் இரண்டு பக்கமும் ஓட்டுங்கள். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழாவிட்டால், தாளில் ஒட்டிய ஈரப்பதம்தான் பெரும்பாலும் காரணம். வெற்றிடத்தில் சூடாக்கி மறுபடி பாருங்கள். நல்ல கோட்டை மட்டும் காட்டி மற்றதை மறைக்கிற வேலை வேண்டாம்.

7. 300 நானோமீட்டர் சிலிக்கான் டையாக்சைடின் கொள்திறன், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 11.5 நானோஃபாரட். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.