அறுவைச் சிகிச்சையில் இரத்த உறைதலைக் கண்காணித்தல்

இதய அறுவைச் சிகிச்சை, கல்லீரல் மாற்று போன்றவற்றுக்கு முன், “இரத்தம் தேவைப்படலாம்” என்று மருத்துவர் கூறுவார். எந்த இரத்தக்கூறு, எவ்வளவு தேவை என்பது பெரும்பாலும் அறுவை அரங்கிலேயே முடிவாகிறது. அம்முடிவுக்கு உதவும் சோதனை ஒன்றை இங்கே அறிந்துகொள்வோம்.

இரத்தம் எவ்வாறு உறைகிறது?

இரத்தக்குழாய் அறுபட்டதும் தட்டணுக்கள் அவ்விடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பிளாஸ்மாவிலுள்ள உறைதல் காரணிகள், ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தை இழைகளாக்கி, வலைபோல் பின்னி உறைவை உறுதியாக்குகின்றன. இவற்றுள் எது குறைந்தாலும், உருவான உறைவு விரைந்து கரைந்தாலும், இரத்தக்கசிவு நீடிக்கும். கண்ணுக்கு எல்லாக் கசிவும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

சோதனை என்ன காட்டுகிறது?

வழக்கமான ஆய்வக முடிவுகள் வருவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். 1948-இல் ஜெர்மனியில் ஹெல்முட் ஹார்ட்டர்ட் வெளியிட்ட திராம்போஎலாஸ்டோகிராஃபி முறையில், சிறிதளவு இரத்தம் 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்கப்படுகிறது. அது உறைவதைக் கருவி வரைகோடாகக் காட்டுகிறது. முதற்குறிப்புகள் 10–15 நிமிடங்களில் கிடைத்துவிடும்.

• உறைதல் தொடங்கத் தாமதமானால், உறைதல் காரணிகள் குறைந்திருக்கலாம். அல்லது ஹெப்பாரின் மருந்து எஞ்சியிருக்கலாம். முன்னதற்குப் பிளாஸ்மாவும் பின்னதற்குப் புரோட்டமினும் உதவும்.
• உறைவு வலுவற்றிருந்தால், தட்டணுக்களோ ஃபைப்ரினோஜன் நிறைந்த கிரையோபிரெசிபிடேட்டோ தேவைப்படலாம்.
• உறைவு விரைந்து கரைந்தால், டிரனெக்சாமிக் அமிலம் தரப்படலாம்.
• வரைகோடு சீராக இருந்தும் கசிவு நிற்காவிடில், தைக்கவேண்டிய இரத்தக்குழாய் உள்ளதா என அறுவை மருத்துவர் தேடுவார்.

அனைத்தையும் ஏன் ஏற்றுவதில்லை?

ஒவ்வொரு இரத்தக்கூறும் உயிர்காக்கும். எனினும் ஒவ்வாமை, நுரையீரல் பாதிப்பு, உடலில் நீர்மிகை ஆகியன அரிதாகவேனும் நேரக்கூடும். எனவே குறைந்ததை மட்டும் ஈடுசெய்வதே முறை.

உங்கள் பங்கு

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகியவற்றின் விளைவைச் சாதாரண திராம்போஎலாஸ்டோகிராஃபி பெரும்பாலும் காட்டாது. கருவி காட்டாததை நீங்கள்தாம் தெரிவிக்க வேண்டும். உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும், சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, மயக்கவியல் மருத்துவரிடம் கொடுங்கள். பல் பிடுங்கியபோதோ மகப்பேற்றின்போதோ மிகுந்த இரத்தப்போக்கு ஏற்பட்டிருந்தால் அதையும் கூறுங்கள். குடும்பத்தில் எவருக்கேனும் இரத்தம் உறையாமை இருப்பின் மறைக்காதீர்கள். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டா. எதை, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே கூறுவார்.